பச்சையை யார் கேட்டது?

“இந்தப் பச்சைய யாரு மக்ளே கேட்டா?” என்று ஒரு வயதான மீனவர், நாங்கள் பாட்டா என்று கூப்பிடுபவர், கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. “நீங்கதான் பாட்டா, போன வருசம் கூட்டத்துல எல்லாரும் சேர்ந்து கேட்டதுதான்” என்று சொல்லிவிட்டேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை. வள்ளங்களைக் கரையேற்றி வைத்திருக்கும் மணல்மேட்டில், வலை பழுது பார்க்கும் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். என்னுடைய ஃபோன் அவர் கையில் இருந்தது. திரை முழுக்க ஒரு பச்சை வட்டம், அதன் நடுவில் ‘போகலாம்’ என்ற சொல். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் கேக்கல. இங்க உள்ள எவனும் கேட்டிருக்க மாட்டான். இன்னொருத்தன் போலாம்னு சொல்லி நாங்க கடலுக்குப் போனதில்ல.” குரலில் கோபம் இல்லை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வலையை எடுத்துக்கொண்டார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது எச்சரிக்கை போய்ச் சேருவதற்கு முன்பே கடலில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அதில் இந்தக் கரை இழந்தது கொஞ்சமல்ல. அதற்குப் பிறகு இங்கே கருவிகளும் திட்டங்களும் நிறைய வந்தன: செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை தரும் நாவிக் கருவி, சாட்டிலைட் ஃபோன், வயர்லெஸ், அப்புறம் ஆப் செய்கிறோம் என்று வந்தவர்கள். நாங்களும் அப்படி வந்த ஒரு சின்னக் குழுதான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பை எடுத்து, வள்ளக்காரர்களுக்குப் புரிகிற வடிவத்தில் ஃபோனில் தருவது எங்கள் வேலை. அதை மீனவர்களோடு சேர்ந்தே வடிவமைப்போம் என்று சொல்லித்தான் நிதி வாங்கியிருந்தோம். அதை மனதார நம்பியும்தான் வந்தோம். அதனால்தான் பாட்டாவின் கேள்வி என்னை அன்று தூங்கவிடவில்லை.

அறைக்குத் திரும்பி எல்லாக் கோப்புகளையும் திறந்தேன். 5 கூட்டங்கள் நடத்தியிருந்தோம். வருகைப் பதிவேட்டில் 63 கையெழுத்துகள், 400-க்கு மேல் புகைப்படங்கள், சுருட்டி வைத்த சார்ட் பேப்பர்கள், அதில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள். எங்கள் அறிக்கையில் ‘சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளத்தை மீனவர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று ஒரு வரி. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனேன். இரண்டு நாள் ஆனது.

முதல் கூட்டத்தில் நண்பர் ஒருவர் கையால் எழுதிய நோட்டில் இப்படி இருந்தது: “காத்து எந்தப் பக்கம், எவ்வளவு, அலை எத்தன எண்ணத்துக்கு ஒண்ணு, இது தெரிஞ்சா போதும். போறதா வேண்டாமாங்கிறத நாங்க பாத்துக்குவோம்.” இதை மஞ்சள் சீட்டுக்கு மாற்றியவர் ‘குறைந்த தகவல் போதும், எளிமை’ என்று எழுதியிருக்கிறார். சீட்டில் இடம் அவ்வளவுதான். மாலையில் சீட்டுகளை வகை பிரித்தபோது ‘எளிமை’ என்ற தலைப்புக்குக் கீழேதான் அதிகச் சீட்டுகள் சேர்ந்திருக்கின்றன. சென்னையில் இருந்த வடிவமைப்பாளருக்குப் போனது அந்தத் தலைப்பு மட்டும். அவர் எளிமை என்றதும் சிக்னல் விளக்கு வரைந்தார். அவர்மேல் தப்பில்லை, கையில் கிடைத்ததை வைத்து வரைந்தார். இரண்டாம் கூட்டத்தில் மூன்று படங்களைக் காட்டினோம். சிக்னல் படத்தைப் பார்த்துச் சிலர் “நல்லா இருக்கு” என்றார்கள். விரல் நீட்டிய அந்தப் புகைப்படம்தான் அறிக்கையின் அட்டையில் வந்தது.

“போறதா வேண்டாமாங்கிறத நாங்க பாத்துக்குவோம்” என்று சொன்னவர்களுக்கு ‘போகலாம்’ என்று சொல்கிற ஆப்பைக் கொடுத்திருக்கிறோம். இடையில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் நேர் எதிராகத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பங்கேற்பு வடிவமைப்பில், அதாவது பயன்படுத்தப் போகிறவர்களோடு சேர்ந்து வடிவமைப்பதில், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கூட்டம் போட்டோம் என்பதெல்லாம் வேலையின் நேர்த்தியைக் காட்டாது. திரையில் இருக்கிற எந்த ஒன்றைத் தொட்டுக் கேட்டாலும், இது யார் வாயிலிருந்து வந்தது, யார் முடிவு செய்தது, எதை விட்டுவிட்டு இதை வைத்தோம் என்று பதில் சொல்ல முடிய வேண்டும். எங்களால் முடியவில்லை.

இந்த “நல்லா இருக்கு” பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஆசையாக எதையாவது காட்டினால் யார்தான் முகத்துக்கு நேரே நல்லா இல்லை என்பார்கள்? டீ வாங்கிக் கொடுத்து, பிஸ்கட் வைத்து, படத்தைக் காட்டிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டால் வேறு பதில் வராது. இப்போது நான் அப்படிக் கேட்பதில்லை. “இத மட்டும் நம்பி நாளைக்குக் காலையில வள்ளத்த எறக்குவீங்களா?” என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்குகிறது.

அந்த ‘எத்தன எண்ணத்துக்கு ஒண்ணு’ என்ற துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாங்கள் தொலைத்ததிலேயே பெரியது அதுதான். ஒரு நாள் விடியற்காலை பாட்டாவோடு கரையில் நின்றேன். காற்றே இல்லை, கடல் மேலுக்கு அமைதியாகத்தான் தெரிந்தது. அவர் வாயைத் திறக்காமல் தாடையை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ஓர் அலை கரையில் உடைந்ததும் எண்ணத் தொடங்கி, அடுத்தது உடையும்வரை. “பதினஞ்சு. இன்னைக்கு வேண்டாம்” என்றார். பக்கத்திலிருந்த இளைஞர்களும் வள்ளத்தை இறக்கவில்லை. உள்ளூர்க் காற்றில் எழும் அலை ஐந்தாறு விநாடிக்கு ஒன்றாக வரும். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயலில் பிறந்து, பல நாள் பயணம் செய்து வருகிற அலை பதினான்கு, பதினாறு விநாடிக்கு ஒன்றாக வரும். நடுக்கடலில் உயரம் குறைவாகத்தான் இருக்கும். கரையில் உடையும்போதுதான் அதன் பலம் தெரியும். கேரளத்தில் இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள், காற்றோ மழையோ இல்லாமல் திருடனைப் போல வருவதால். எங்கள் ஆப்பின் பச்சை, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டது. அலைகளுக்கு இடையிலான விநாடி மூலத் தரவில் இருந்தது. ‘மீனவர்களுக்குப் புரியாது, தொழில்நுட்ப விவரம்’ என்று நாங்கள்தான் எடுத்துவிட்டிருந்தோம். அவர்கள் தினமும் விடியலில் தாடையால் எண்ணுகிற விவரம் அது.

இதைக் குழுவிடம் சொன்னேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, ஆப் பச்சை காட்டிய ஒரு காலையில், ஒரு வள்ளம் கரை உடைப்பில் கவிழ்ந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சினுக்குள் உப்புத்தண்ணீர் ஏறிவிட்டது, ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது, இரண்டு மாதம் அவர் தொழிலுக்குப் போகவில்லை. ஆப்பைப் பார்த்துத்தான் இறக்கினார்களா என்று அவர்களும் அடித்துச் சொல்லவில்லை, பார்த்தோம் என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் குழுவின் கூட்டத்தில் ஒருவர், “பச்சை அவர்களே கேட்டதுதானே, அறிக்கையில் இருக்கிறதே” என்றார். பங்கேற்பு என்று நாங்கள் எழுதி வைத்தது, நாங்கள் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர்கள்மேல் பழியைத் தள்ளிவிடப் பயன்பட்டது. அந்த வரி அறிக்கையில் இருக்க நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். நான் போய்த் தோளில் அடிபட்டவர் வீட்டில் உட்கார்ந்து, பச்சையை நாங்கள்தான் வைத்தோம், நீங்கள் கேட்கவில்லை என்று சொன்னேன். அவருடைய மனைவி ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் ஊர்க்கடலின் வரைபடத்தைத் தரையில் விரித்து, எங்கெங்கே மீன் பிடிப்பீர்கள் என்று கேட்டிருந்தோம். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டுகளைப் பார் என்பார்கள். கரையில் தெரியும் மலை, கோயில் கோபுரம், மாதா கோவில் சிலுவை இவற்றை ஒன்றுக்கொன்று நேர் வைத்துப் பாரின் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குக் கணிச்சம் என்று பெயர். ஒரு பாரின் கணிச்சம் சில குடும்பங்களுக்கு அப்பா பிள்ளைக்கு மட்டும் சொல்லிக் கொடுத்த சொத்து. பேச்சின் உற்சாகத்தில் இரண்டு மூன்று பேர் வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். அதைப் படமெடுத்தோம். அந்தப் படம் எங்கள் விளக்கக்காட்சி ஒன்றில் ஏறி, அங்கிருந்து யாரோ ஒருவர் ஃபோனுக்குப் போய், கடைசியில் பக்கத்து ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் வந்து நின்றது. புள்ளி வைத்தவரின் மகன் அதை என்னிடம் காட்டியபோது எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தோம், ஆனால் அது அவர் முகம் படத்தில் வருவதற்கு. அவர் அப்பாவின் பார் வெளியே போவதற்கு அல்ல.

அப்போதிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதையும் எழுதுவதற்கு முன், “இது எழுதலாமா, எங்க வரைக்கும் போகலாம்?” என்று கேட்பது. மூன்று பதில்தான் வரும்: இந்த ஊருக்குள், உங்கள் அலுவலகம் வரை, எல்லாருக்கும். அதை அந்த வரியின் பக்கத்திலேயே குறித்துவிடுவேன். கூட்டம் முடிந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே கையெழுத்தில் எனக்கு இப்போது நம்பிக்கை கிடையாது.

யார் அந்த அறையில் இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்று கற்றுக்கொண்டது தாமதமாகத்தான். எங்கள் கூட்டங்களை ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை மைக்கில் அறிவிப்பார். வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள், எல்லாம் வள்ளக்காரர்கள். தூத்தூர்ப் பக்கத்தைப் போல ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாதவர்கள் வர முடியாது. மீன் விற்கும் பெண்கள் அந்த நேரத்தில் சந்தையில் இருப்பார்கள். ஆனாலும் அறிக்கையில் ‘ஊர் மக்கள்’ என்றே எழுதினோம். பிறகு ஒரு நாள் ஏலம் முடிந்து பெண்கள் கூடையோடு பேருந்துக்காக நிற்கும் இடத்துக்கே போய்ப் பேசினேன். ஒரு அக்கா சொன்னார்: “நாளைக்கு வள்ளம் எறங்காதுன்னு மொதல்லயே தெரிஞ்சா நான் ஐஸுக்குச் சொல்ல மாட்டேன், வேற கரையில போய் எடுத்துக்குவேன். எனக்கு அது ஒரு நாள் முதலு.” எங்கள் ஐந்து கூட்டத்திலும் இந்தத் தேவை வரவே இல்லை. கேட்க வேண்டியவர் இருபது நிமிட நடை தூரத்தில் இருந்திருக்கிறார்.

சரி, அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இதை அப்படியே யாரும் எடுத்துச் செய்யலாம், செலவும் அதிகமில்லை.

யோசனை பாட்டாவுடையது. “ஏலக்காரன் நோட்டு மாதிரி எழுதி வை மக்ளே” என்றார். ஏலத்தில் எந்த வள்ளம், என்ன மீன், எவ்வளவுக்குப் போனது, யார் எடுத்தார் என்று நின்ற இடத்திலேயே எழுதிவிடுவார்கள். சாயங்காலம் சண்டை வந்தால் நோட்டைத் திறந்தால் போதும். நாங்களும் ஒரு நீள நோட்டு வாங்கினோம். நாள், என்ன சொன்னார்கள் என்பது அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, எத்தனை பேர் இருந்தார்கள், எந்தத் தொழில்காரர்கள், நாங்கள் என்ன செய்தோம், எதைச் செய்யவில்லை, ஏன், அந்த முடிவை எடுத்தது யார். பெயர் வேண்டாம் என்றால் ‘வள்ளக்காரர் ஒருவர்’ என்று போடுவோம். ஒரு பதிவை அப்படியே தருகிறேன்: “காற்றின் திசையைக் கிழக்கு மேற்கு என்று போடாமல் வாடை, கச்சான், கொண்டல் என்று போடச் சொன்னார்கள். வள்ளக்காரர் 7 பேர். செய்தோம். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் கேட்டார்கள். செய்யவில்லை. கரையோரத்துக்கு நம்பும்படியான நீரோட்டத் தரவு எங்களிடம் இல்லை. முடிவு எங்களுடையது. இருவர் ஒப்புக்கொள்ளவில்லை.”

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ரொம்ப முக்கியம். முன்பெல்லாம் ஒப்புக்கொள்ளாதவர்களை எங்கும் எழுதவே மாட்டோம். கூட்டம் ஒருமனதாக முடிந்தால்தான் நல்ல கூட்டம் என்று நினைத்தோம். பாட்டா முதல் கூட்டத்திலேயே அப்படி மறுத்துப் பேசியிருக்கிறார், நண்பரின் அந்தப் பழைய நோட்டில் பார்த்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

நோட்டை நாங்கள் எழுதாமல் ஊரிலிருந்தே ஒருவர் எழுத வேண்டும் என்று வைத்தோம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எழுதினார், அதற்கு மாதச் சம்பளம் கொடுத்தோம். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கும் தொழில் கெட்ட நாளுக்குரிய கூலியைக் கொடுத்தோம். டீ பிஸ்கட்டோடு முடித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கூட்டத்தையும் போன கூட்டத்துப் பதிவுகளைச் சத்தமாக வாசித்துத்தான் தொடங்குவோம், டீ வருவதற்கு முன்பே. பத்து நிமிடம் ஆகும். முதல் முறை வாசித்தபோது மூன்று இடத்தில் “நாங்க அப்படிச் சொல்லல” என்று திருத்தினார்கள். அந்த மூன்றும் அப்படியே போயிருந்தால் மறுபடி மூன்று பச்சைகள் வந்திருக்கும். செய்ய முடியாததை முடியாது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வது ஆரம்பத்தில் சங்கடமாக இருந்தது. ஆனால் காரணத்தோடு சொன்னபோது யாரும் எழுந்து போகவில்லை.

மாதிரியைச் சோதிக்கும் முறையையும் மாற்றினோம். 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவியாவில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு நடந்த யுட்டோப்பியா திட்டத்தில், வரப்போகும் கணினி அச்சகத்தை முதலில் அட்டைப்பெட்டியிலும் ஒட்டுப்பலகையிலும் செய்து, தொழிலாளர்களை அதில் வேலை செய்து பார்க்கச் சொன்னார்கள். நாங்களும் ஃபோன் அளவு அட்டையில் திரைகளை ஒட்டிக் கரைக்குக் கொண்டுபோனோம். மீன் செதிலும் தண்ணீரும் ஒட்டிய கையோடு, வெயில் நேராக அடிக்கும்போது, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பார்க்கச் சொன்னோம். அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது, தள்ளிப் பார்க்கும் திரைகள் உதவாது, எண்கள் எல்லாம் ஒரே திரையில் பெரிதாக இருக்க வேண்டும் என்று. ஏசி அறையில் ஐந்து கூட்டம் போட்டு நாங்கள் கண்டுபிடிக்காதது.

இந்த வகை வேலைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் நார்வேயைச் சேர்ந்த கிறிஸ்டன் நிகார்ட். சிமுலா என்ற கணினி மொழியை ஓலே-யோஹன் டாலோடு சேர்ந்து உருவாக்கி, கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2001-க்குப் பெற்றவர். அவர் 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு வேலை செய்தபோது முதலில் போட்ட திட்டம், வழக்கம்போல ஆய்வு செய்து அறிக்கை எழுதுவதுதான். பாதி வழியில் அதை மாற்றினார்கள். ஆய்வின் விளைவு என்பது அறிக்கையில் இருப்பது அல்ல, அந்த ஆய்வால் சங்கம் தானே எடுக்கும் நடவடிக்கைதான் என்று முடிவு செய்தார்கள். வேலையிடத்துக்கு வரும் கணினி முறைகள் பற்றித் தொழிலாளர்களுக்குத் தகவலும் பேச்சுரிமையும் தரும் ஒப்பந்தம் 1975-இல் அங்கே நாடு தழுவிய அளவில் வந்தது. நான் இதை முன்பே படித்திருக்கிறேன், தேர்வில்கூட எழுதியிருக்கிறேன். கரையில் பச்சை வட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் போனபின் இவர்கள் தாமாக எதைச் செய்ய முடியும் என்று எங்கள் திட்டத்தில் ஒரு வரி கூட இல்லை.

அதனால் நிதி முடியப்போவதை ஆறு மாதம் முன்பே கூட்டத்தில் சொல்லி, நோட்டிலும் எழுதினோம்: சர்வர் எந்த மாதம் வரை ஓடும், அதற்குப் பிறகு ஆப்பில் தகவல் புதுப்பிக்கப்படாது, பழைய தகவலை நம்பக் கூடாது. அதோடு நிற்காமல், புதுப்பிக்காத நாளிலிருந்து ஆப் திறந்தால் எண்கள் எதையும் காட்டாமல் ‘தகவல் இல்லை’ என்று மட்டும் காட்டும்படி எழுதினோம். நின்றுபோன கடிகாரம் போல அது பழைய நிலையைக் காட்டிக்கொண்டிருந்தால் பச்சையைவிட ஆபத்து. அப்புறம், நோட்டு எழுதிய பெண்ணும் இரண்டு இளைஞர்களும் இன்காய்ஸ் பக்கத்திலிருந்து நேராக எடுத்து வாசிக்கப் பழகினார்கள். இந்த நீள் அலைக்கென்றே தனி முன்னறிவிப்பும் பின்னாளில் இன்காய்ஸிடமிருந்து வரத் தொடங்கியது, அது பெரிய உதவி.

இப்போது ஊரிலுள்ள சிலுவைக் கோயிலான குருசடிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. சாயங்காலம் காற்றின் பக்கம், வேகம், அலை உயரம், விநாடி நான்கையும் சாக்பீஸால் எழுதுகிறார்கள். பேருந்துக்கு நிற்கும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ஐஸுக்கு ஃபோன் போடுகிறார்கள். போன மாதம் போயிருந்தபோது பலகையில் விநாடி 13 என்று இருந்தது. பாட்டா கரையில் நின்று எண்ணிவிட்டு வந்து, “பதினஞ்சு வருது” என்றார். அந்தப் பெண் 13-ஐ அழிக்காமல், பக்கத்திலேயே 15 என்றும் எழுதி, ‘கரையில் எண்ணியது’ என்று சின்ன எழுத்தில் குறித்தார்.